இன்னொருத்தன் அம்மாவைப் பாடிய நாக்கு

போன மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண விருந்து. என் மேசையில் என் தங்கை மகனும் அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேரும். சோற்றைப் பிசைந்துகொண்டே யார் பெரிய ராப் பாடகன் என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் கைப்பேசியை எடுத்து, எவனோ மூச்சே விடாமல் கொட்டித் தீர்ப்பதைப் போட்டுக் காட்டி, "இவன்தான் ஜாம்பவான்" என்றான். தங்கை மகன் சும்மா இருந்தானா? "மாமாவும் அந்தக் காலத்துல பாடுனவருதான். நீங்களே சொல்லுங்க மாமா" என்று என்னை உள்ளே இழுத்துவிட்டான்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நாக்கு வேகமா சுத்தினா ஜாம்பவானா? அப்படின்னா பாசார்ல மீன் கூவி விக்கிறவன்கூட ஜாம்பவான்தான் லா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்த வயதில் வாயை மூடிக்கொண்டு பாயசம் குடிக்கப் பழகியிருக்க வேண்டும். எனக்கு அது வருவதே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. பாவம், அந்தப் பையன்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் கைப்பேசியில் காட்டியவன் பாடியதைப் போலத்தான் நானும் ஒரு காலத்தில் பாடினேன். கெட்டிக்காரத்தனமாகப் பாடுகிறவனுக்கும் ஜாம்பவானுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜார்ஜ்டவுனில் ஒரு மண்டபத்தில், என் சொந்த வாயால் நானே தெரிந்துகொண்டது அது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நான் டெக்னீஷியன். எங்களுடையது யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா அரசாங்கக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் தட்டெழுத்து வேலை. வீட்டில் எல்லாமே அதன் அதன் இடத்தில் இருக்கும், குடை உட்பட. லண்டனில் இருந்த பெரியப்பா மகன் ஒரு கேசட் அனுப்பியிருந்தான். அமெரிக்காவில் கறுப்பினத்துப் பையன்கள் தாளத்துக்கு மேலே பேசுகிற கேசட். பாதி புரியவில்லை. ஆனால் அவர்களுடைய கோபம் புரிந்தது. எனக்கென்று கோபப்பட ஒரு காரணமும் கிடையாது, மூன்று வேளையும் சோறு, ஞாயிறு என்றால் இடியப்பம். இருந்தும் இருபத்தொரு வயதில் நான் பயங்கரக் கோபக்காரனாகத் திரிந்தேன்.

தமிழில் அதைச் செய்ய முடியுமா என்று முயன்று பார்த்தேன். எனக்கு வாய்த்தது நாக்கு. "தாளம் தகர, தகரம் அதிர, அதிர அதிர எதிரி சிதற" என்று ஆரம்பித்தால் ஒரே மூச்சில் ஒரு பக்கம் ஓட்டிவிடுவேன். யார் அந்த எதிரி, எதற்கு அவன் சிதற வேண்டும், யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. அம்மா ஒருநாள் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "உது பாட்டோ தம்பி? ஆரோடயோ சண்டை பிடிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். எங்கள் வீட்டில் பெற்ற மகனையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள்.

எங்கள் தொழிற்சாலையில் இன்னொருத்தனும் இருந்தான். ஸ்டோரில் வேலை. பொருள்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி லைனுக்கு லைன் தள்ளிக்கொண்டு போவான். சுங்கை பாக்காப் பக்கம், பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்துப் பையன், என் வயதுதான். தினமும் கம்பெனி பஸ் அவனைக் கடல் பாலம் தாண்டித் தீவுக்குக் கொண்டுவரும். தள்ளுவண்டியோடு முணுமுணுத்துக்கொண்டே போவதைப் பார்த்து, "என்னடா சாமி கும்பிடுறியா?" என்று கேட்டேன். "இல்ல மச்சான், ராப்" என்றான். அன்றைக்கே கூட்டாளிகளாகிவிட்டோம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் என் அளவுக்குப் பாட மாட்டான். குரல் கரகரவென்று இருக்கும். தாளத்தில் ஏற வேண்டிய இடத்தில் கொஞ்சம் பிந்தி ஏறுவான். வேகமாகப் போனால் நாக்கு தடுக்கும். நான் நாலு பாட்டு எழுதி முடிக்கிற நேரத்தில் அவன் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "ஏண்டா இப்படி மாவாட்டுற?" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பான். அடுத்த நாளும் அதே வரியோடு வருவான்.

சாப்பாட்டு நேரத்து அரை மணியில் மோட்டார் சைக்கிள் கொட்டகைதான் எங்கள் பயிற்சி மேடை. அங்கே எங்களுக்கென்று ஒரு முறை வைத்திருந்தோம். அவன் எழுதியதை நான் சொல்வேன், நான் எழுதியதை அவன் சொல்வான். சொந்த வரியை வாயிலேயே வைத்திருந்தால் அதில் இருக்கிற ஓட்டை நமக்குத் தெரியாது. அடுத்தவன் வாயில் போட்டால்தான் மூச்சு எங்கே முட்டுகிறது, எந்தச் சொல் பல்லில் சிக்குகிறது என்று வெளியே வரும். என் வரிகளை அவன் சொல்லும்போது பாதியில் இருமி, கையைத் தூக்கிவிடுவான். அவன் வரிகளை நான் சொன்னால் வெண்ணெய் மாதிரி போகும். அதில் எனக்கு ஒரு பெருமைகூட. இவனைவிட இவன் பாட்டை நான்தான் நன்றாகச் சொல்கிறேன் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் தீபாவளிக்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற நம்மவர்களெல்லாம் குடும்பத்தோடு ஒன்றுகூடுகிற விழாவில் ராப் போட்டியும் வைத்தார்கள். முதலாவதாக வருகிறவனின் பாட்டைக் கோலாலம்பூரில் ஒரு கம்பெனி கேசட்டில் போடும். கேசட்! அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் என் படம் போட்ட கேசட் தொங்குவதைக் கண்ணை மூடாமலேயே பார்த்தேன்.

அவனுக்கும் கேசட் ஆசை இருந்திருக்கும். ஆனால் அவன் பெயர் கொடுத்தது அதற்காக இல்லை. வீட்டில் அம்மாவிடம், "உன்னப் பத்தி மேடையில சொல்லப் போறேன்மா" என்றிருக்கிறான். அந்த அம்மா செம்பனைத் தோட்டத்தில் டாங்கியை முதுகில் சுமந்து புல்லுக்கு விஷ மருந்து அடிக்கிறவர். "என்னப் பத்திச் சொல்றதுக்கு என்னடா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாராம். கொட்டகையில் இதை என்னிடம் சொன்னான். "என்ன இருக்குன்னு காட்டணும் மச்சான். அவ்வளவுதான்" என்றான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் மூன்று மாதம் ஒரே பாட்டை எழுதினான். அம்மாவுக்கு ஒரு வரிகூட முன்னால் சொல்லிக் காட்டவில்லை, மேடையில்தான் கேட்க வேண்டுமாம். மூன்று மாதமும் அதைச் சோதித்துப் பார்த்த வாய் என்னுடையது.

போட்டி நாள் வந்தது. தைப்பூசத்துக்குத் தவிர பினாங்குத் தீவுக்கு வராத அந்த அம்மா, மகன் எடுத்துக் கொடுத்த புதுச் சேலையில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் முந்தானைக்குள். என் அம்மா கடைசிக்கு முந்தின வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சீட்டு எடுத்ததில் என் பெயர் முதலில். இரண்டு பேர் தள்ளி அவன்.

ஏறினேன். டேப்பில் தாளம் ஆரம்பித்தது. "தாளம் தகர, தகரம் அதிர" என்று பிடித்தேன். விசில் பறந்தது. அட, நமக்குத்தான்டா கேசட் என்று நினைத்த அந்த நிமிடம் பார்த்து டேப் சுற்றிக்கொண்டது. கொரகொரவென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. நான் விடாமல் தொடர்ந்தேன். ஐயோ, என்ன கண்றாவி! தாளம் இல்லாமல் கேட்டால்தான் தெரிந்தது, என் பாட்டில் ஒன்றுமே இல்லை. வெறும் தகரச் சத்தம். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்த வரி மறந்தது. அதற்கடுத்ததும் மறந்தது. நூற்றுக்கணக்கான முகங்கள். வாய் திறந்தபடி நிற்கிறேன்.

அப்போது வாயில் வந்தது இது:

"எங்கம்மா கையில ரேகை இல்ல,
ஜோசியக்காரனுக்கு வேலை இல்ல."

சத்தியமாகச் சொல்கிறேன், முதல் இரண்டு வரி தானாக வந்தது. மூன்று மாதப் பழக்கம், வாய் தெரிந்த பாதையில் போய்விட்டது. ஆனால் அதோடு நிறுத்தியிருக்கலாம். மன்னிச்சுக்குங்க என்று இறங்கியிருக்கலாம். மண்டபம் சட்டென்று அடங்கி என்னைக் கவனித்ததே, அந்த ருசி என்னை விடவில்லை. மூன்றாவது வரியை நான் தெரிந்தேதான் சொன்னேன்.

"முதுகுல டாங்கி, காலுல சப்பாத்து,
கைக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல.
கையுறை கேட்டா நாளைக்குன்னான்,
நாளைக்குப் போனா நாளைக்குன்னான்.
ஐசி கார்டு எடுக்கக் கட்டவிரல் அமுக்குனா,
மைதான் விழுந்துச்சு, எங்கம்மா விழல."

முடித்ததும் மண்டபமே எழுந்துவிட்டது. தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு வந்த பெண்பிள்ளைகள் அங்கே எத்தனையோ பேர், அழுதுகொண்டே கைதட்டினார்கள். நான் மேடை ஓரத்தைப் பார்த்தேன். அவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். கையில் இருந்த தாளை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கீழே இறங்கி அவன் பக்கமாகத்தான் போக வேண்டும், வேறு வழி கிடையாது. "மச்சான்..." என்றேன். "நல்லா சொன்ன மச்சான்" என்றான். "நான் மூச்சு வாங்குற இடத்துல நீ வாங்கவே இல்ல." குத்திச் சொன்னானா, எப்போதும் போலப் பாட்டைப் பற்றித்தான் சொன்னானா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்து இரண்டு பேர் பாடினார்கள். என்ன பாடினார்கள் என்று கேட்காதீர்கள். என் காதில் விழவில்லை. பிறகு அவனைக் கூப்பிட்டார்கள். ராப்பில் ஒரு சட்டம் உண்டு, உன் வரியைத் திருடினவனை மைக்கிலேயே வைத்து உரித்துவிட வேண்டும். ஊரே அதை ரசிக்கும். அவன் உரித்திருந்தால் நான் அன்றோடு தொலைந்தேன். அது நியாயமும்கூட. வேர்த்து வழிந்துகொண்டு காத்திருந்தேன்.

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. சரிசெய்து வைத்திருந்த டேப்பையும் வேண்டாம் என்றான். மைக் நிற்கிற கம்பியில் விரல் முட்டியால் தட்ட ஆரம்பித்தான். டக், டடக். டக், டடக். தள்ளுவண்டிச் சக்கரம் தரையில் ஓடுகிற சத்தம். எங்கள் தொழிற்சாலைக்காரர்கள் உடனே கண்டுகொண்டு சிரித்தார்கள். அதற்கு மேலே பேச ஆரம்பித்தான். விடியற்காலை எழுந்திருப்பது, பஸ்ஸுக்கு ஓடுவது, பாலத்தில் தூங்கி வழிந்து ஜன்னலில் நெற்றி மோதுவது. நடுவில் நின்றுவிட்டான். "இருங்க, இப்பத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று மைக்கிலேயே சொன்னான். மண்டபம் கொல்லென்று சிரித்தது. அவனும் சிரித்தான். மறுபடி தட்டினான்.

"கோப்பி கலந்து வச்சாலும் குடிக்க நேரமில்ல,
கொட்டாவிதான் எனக்குப் பசியாற."

காலைச் சாப்பாட்டை இங்கே எல்லோரும் பசியாற என்றுதான் சொல்வோம். இரண்டாவது தடவை அந்த வரி வந்தபோது மண்டபம் அவனோடு சேர்ந்து சொன்னது. மூன்றாவது தடவை அவன் சொல்லவே இல்லை, மைக்கை நீட்டினான், அவர்கள் சொன்னார்கள். மூன்று மாதப் பாட்டைப் பறிகொடுத்தவன் பத்து நிமிடத்தில் இதைச் செய்தான். தடுக்கினான், தாளம் தப்பினான், ஒரு வரியைப் பாதியில் விட்டான். ஆனால் அவன் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் அவன் வீட்டிலிருந்து வந்தது.

அம்மாவைப் பற்றி மட்டும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? சொன்னால் என்னைப் பார்த்துக் காப்பியடித்தான் என்பார்கள். அந்த அம்மா கடைசி வரை நிமிர்ந்து உட்கார்ந்து, இப்போது வரும், இப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். வரவில்லை.

முதல் பரிசு எனக்கு. நீதிபதிகள் அவனைப் பற்றி "இன்னும் பயிற்சி தேவை" என்றார்கள்.

கேசட்டும் வந்தது. இரண்டாவது பக்கத்தில் மூன்றாவது பாட்டு என்னுடையது. அம்மாவைப் பற்றிய அந்தப் பாட்டைத்தான் பாடச் சொன்னார்கள். அதற்கு மட்டும் எனக்கு வாய் வரவில்லை. பழைய தகரத்தையே பாடிவிட்டு வந்தேன். கேட்டவர்கள் "செம ஸ்பீட் லா" என்றார்கள், அத்தோடு சரி. இரண்டு வருடம் கழித்து புக்கிட் மெர்தாஜாம் பஸ் ஸ்டேஷனில் நிற்கிறேன். முன்பின் தெரியாத ஓர் அக்கா தூங்கி விழுகிற தன் மகளிடம், "என்னடி, கொட்டாவிதான் பசியாறவா?" என்று கேட்டார். அந்த வரி யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருக்க முடியாது. பொறாமையில் எனக்கு நெஞ்சு எரிந்தது. கேசட் போட்டவன் நான், ஊர் வாயில் ஏறியவன் அவன். அவன் அதற்குள் வேலையை மாற்றிக்கொண்டு அக்கரையிலேயே ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டிருந்தான். மோட்டார் கொட்டகைக்கு அந்த ஞாயிறுக்குப் பிறகு அவன் ஒருநாளும் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

கெட்டிக்காரன் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுவான். அதுதான் அவனுக்கு வினை. என் வாய் எதற்கும் வளைந்தது, எவன் வீட்டுத் துக்கத்தையும் என் வீட்டுத் துக்கம் போலச் சொல்லிக் கைதட்டு வாங்கியது. ராப்பில் "நான்" என்று சொன்னால் அந்த நான் எழுந்து வந்து சாட்சி சொல்ல வேண்டும். அவன் நாக்கு தடுக்கியதெல்லாம், பொய்யான இடத்தில் அது ஓட மறுத்ததால்தானோ என்று இப்போது நினைக்கிறேன். இதைத்தான் அந்தக் கல்யாண மேசையில் சொல்ல நினைத்தேன். மீன்காரனைத் திட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன், அதுவும் திருட்டுத்தான்.

பரிசளிப்பு முடிந்து மண்டபத்துக்கு வெளியே தேத்தண்ணியும் முறுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பரிசுக் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் அம்மா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனுடைய அம்மா நேராக எங்களிடம் வந்தார். பின்னால் அவன், தரையைப் பார்த்தபடி. வசமாக மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மா சிரித்தார். அவன் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"நல்லா சொன்னீங்க தம்பி. அப்படியே எங்க வீட்டுல வந்து பார்த்த மாதிரி இருந்துச்சு. நீங்க எந்தத் தோட்டம்?"

ஒரே மூச்சில் ஒரு பக்கம் ஓட்டுகிற வாய், ஓர் ஊர்ப் பெயர் சொல்லத் திறக்கவில்லை. அவனாவது சொல்லித் தொலைப்பானா என்று பார்த்தேன். அவன் தலை நிமிரவில்லை.

நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்திருப்பார். விட்டுவிட்டு என் அம்மா பக்கம் திரும்பினார். முந்தானைக்குள்ளிருந்து கைகள் இரண்டும் வெளியே வந்தன. விரல் நுனிகள் வழவழவென்று, வெளிறிப்போய், இரண்டு நகங்கள் இல்லாமல். அந்தக் கைகளால் என் அம்மாவின் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"உங்களுக்கு ரேகையெல்லாம் திரும்பி வந்திருச்சே அக்கா!" அந்த அம்மாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "எனக்கு இன்னும் வரல. என்ன எண்ணெய் பூசுனீங்க? எனக்கும் சொல்லுங்களேன்."